ரெக்கார்டரா, மானிட்டரா? ஆடி மாதத்துக் கணக்கு

மேலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவன் ஒவ்வோர் ஆடியிலும் எனக்குப் போன் போடுவான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கேமராவெல்லாம் பையில் தூங்கும், கையில் வைகாசி, ஆனிக் கல்யாணக் காசு கொஞ்சம் மிச்சம் இருக்கும். புதுச் சாமான் வாங்கும் ஆசை எங்கள் தொழிலில் அப்போதுதான் வரும். இந்தத் தடவை அவன் சுற்றி வளைக்கவில்லை. கேட்டது ஆட்டமாஸ் கம்பெனியின் நிஞ்சாவைப் பற்றி. கேமராவின் எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து வரும் படத்தைத் திரையில் காட்டி, தானே பதிவும் செய்கிற வெளிப்பெட்டி அது. அவனிடம் இருக்கும் பாடி, அதாவது கேமரா, சோனி ஏ7 த்ரீ.

"அண்ணே, ஒரு நிஞ்சா பழசு வருது. வாங்கிரலாம்னு இருக்கேன். ஏ7 த்ரீல மாட்டுனா 10 பிட் வந்துரும்ல?"

"வராதுப்பா."

"ரெக்கார்டர் 10 பிட்டுன்னுதானண்ணே போட்டிருக்கு?"

"ரெக்கார்டர் 10 பிட்டுதான். ஒன் பாடியிலருந்து வெளிய வர்றது 8 பிட்டு. பெட்டிக்குள்ள போனதும் எப்படிப் பத்தாகும்?"

அரைப்படி அரிசியை மரக்காலில் கொட்டினாலும் அது அரைப்படிதான். 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட் என்றால் 1024. ரிசப்ஷன் மேடையில் பின்துணி மேல் நீலமும் ஊதாவுமாக லைட் அடித்து வைத்திருப்பார்களே, அந்த நீலம் கருநீலமாக இறங்குகிற இடத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது 256 படிகள் போதாததால்தான். எஸ்-லாகில், அதாவது பிறகு கலரிங் செய்வதற்காக வெளிறிய படமாகப் பதிகிற சோனி முறையில் எடுத்து, கலரிங்கில் இழுத்தால் இன்னும் அசிங்கமாகும். ஏ7 த்ரீயோடு நிஞ்சாவை மாட்டினால் ஃபைலின் விவரத்தில் 10 பிட் என்றே காட்டும். பட்டை மட்டும் போகாது.

ஒன்றுமே கிடைக்காது என்றும் சொல்ல மாட்டேன். அந்த பாடி கார்டில் எழுதுவது 4:2:0, எச்டிஎம்ஐ வழியாக வெளியே விடுவது 4:2:2. முன்னதில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிற விவரம், பின்னதில் இரண்டுக்கு ஒன்று. அரக்குச் சிவப்புப் பட்டில் ஜரிகை ஓரம் சந்திக்கிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் பெண் வீட்டார் பென்டிரைவை டிவியில் செருகிப் பார்க்கும்போது அதை யாரும் கவனித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் யாரை விட்டுவிட்டோம் என்பதைத்தான் கவனிப்பார்கள்.

முதலில் எச்டிஎம்ஐ போர்ட்டில் என்ன வருகிறது?

ரெக்கார்டரின் பெருமையைப் படிக்கும் முன் உங்கள் பாடியின் போர்ட்டைப் பற்றிப் படியுங்கள். இந்தக் கருவிகள் பிரபலமானதற்குக் காரணமே ஒரு காலத்துக் கேமராக்கள்தான். 2014-ல் வந்த சோனி ஏ7எஸ் தன் கார்டில் 4கே எழுதவே எழுதாது. 4கே வேண்டுமென்றால் வெளி ரெக்கார்டர்தான் வழி. அதே வருடம் வந்த பானசோனிக் ஜிஎச்4 கார்டில் 8 பிட்டும் எச்டிஎம்ஐயில் 10 பிட்டும் தந்தது. 2018-ல் வந்த கேனன் ஈஓஎஸ் ஆர், நிக்கான் இசட்6 இரண்டிலும் இதே கதை. இசட்6-ல் நிக்கானின் லாக் முறையான என்-லாக் வேண்டுமென்றாலே வெளியே பதிந்தால்தான் உண்டு. இந்த பாடிகளில் ஒன்று கையில் இருந்தால் ரெக்கார்டர் நிஜமாகவே கேமராவை ஒரு படி மேலே ஏற்றும். மதுரையில் பழைய இசட்6, ஈஓஎஸ் ஆர் வைத்து நல்ல வேலை செய்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் வேறு.

ஆனால் அவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஜிஎச்4, இசட்6 இரண்டிலும் 10 பிட்டை வெளியே அனுப்பும்போது கார்டில் பதிவு ஓடாது. அதாவது தாலி கட்டும் நிமிடத்துக்கு ஒரே ஒரு பிரதிதான், அதுவும் ஒரு கேபிள் வழியாகப் போகிற பிரதி. கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் அட்சதை போட முன்னே பாய்கிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கார்டில் பதிகிற 8 பிட் பிரதியே மேல் என்று அந்த அரை மணி நேரம் தோன்றும். எனக்குத் தெரிந்த ஒருவர் முகூர்த்தத்தைக் கார்டிலும், மற்றதையெல்லாம் ரெக்கார்டரிலும் எடுக்கிறார். கலரிங்கில் இரண்டும் ஒட்டாது. அந்தச் சிரமத்துக்கு ஒப்புக்கொண்டுதான் செய்கிறார்.

2020-லிருந்து கணக்கு மாறிவிட்டது. சோனி ஏ7எஸ் த்ரீ, ஏ7 ஃபோர், எஃப்எக்ஸ்30, கேனன் ஆர்6 எல்லாம் கார்டிலேயே 10 பிட் 4:2:2 எழுதுகின்றன. ஜிஎச்5 அதை 2017-லேயே செய்துவிட்டது. இவற்றோடு ரெக்கார்டர் மாட்டுகிறவர் படத்தின் தரத்துக்காக மாட்டுகிறேன் என்றால், ரா பதிவு, அதாவது சென்சார் தகவலை ஏறக்குறைய அப்படியே எழுதும் பதிவு, தேவைப்படுகிற விளம்பர, குறும்பட வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு ரா எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், எடிட்டர் அவர் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அரை மணி நேரத்தில் நின்றுபோன வர்ணம்

தரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் ரெக்கார்டருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அதைச் சொல்ல என் சொந்தத் தவறையே சொல்ல வேண்டும்.

ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம். ராஜா முத்தையா மன்றம், லட்சுமி சுந்தரம் ஹால் மாதிரி இடங்களில் வருடம் முழுக்க நடக்குமே, அது போல ஒன்று. பால்கனியில் ஒரு பாடியை டிரைபாடில் வைத்து, மேடை முழுவதும் தெரிகிற ஃபிரேம் கட்டி, ரெக்கார்டு அழுத்திவிட்டு, நான் கீழே மேடையோரம் முகபாவங்களுக்காக இன்னொரு கேமராவோடு நின்றேன். புஷ்பாஞ்சலி, ஜதிஸ்வரம் எல்லாம் முடிந்து வர்ணம். அரங்கேற்றத்தின் உயிரே அதுதான். முக்கால் மணி நேரம்கூடப் போகும். பாதி வர்ணத்தில் பால்கனிப் பாடி 29 நிமிடம் 59 நொடி ஆனதும் தானாக நின்றுவிட்டது. சத்தமில்லை, விளக்கில்லை. வர்ணம் முடிந்து கைத்தட்டல் எழும்போது மேலே நிமிர்ந்து பார்த்தால் சிவப்புப் புள்ளியைக் காணோம். அந்தப் பெண் எத்தனை வருடம் பழகிய வர்ணம்! நான் கொடுத்த வீடியோவில் இரண்டாம் பாதி முழுக்க முகம் மட்டும்தான், கால் இல்லை. நாட்டிய ஆசிரியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த அரை மணி நேர எல்லை இயந்திரக் கோளாறு இல்லை. அரை மணிக்கு மேல் தொடர்ந்து பதிகிற கருவியை ஐரோப்பியச் சுங்கம் வீடியோ கேமரா என்று கணக்கு வைத்துக் கூடுதல் வரி போட்டது. அதைத் தவிர்க்கப் பல கம்பெனிகள் ஸ்டில் கேமராவில் இந்தக் கடிவாளத்தைப் போட்டன. ஏ7 த்ரீ, இசட்6, ஆர்6 எல்லாவற்றிலும் இது உண்டு. பிறகு வந்த பல மாடல்களில் எடுத்துவிட்டார்கள். கடிவாளம் கார்டில் பதிவதற்குத்தான். எச்டிஎம்ஐயில் படம் போய்க்கொண்டேதான் இருக்கும். கேமராவில் ரெக்கார்டு அழுத்தாமல், வெளி ரெக்கார்டரில் மட்டும் அழுத்தினால் மூன்று மணி நேரமும் ஒரே ஓட்டமாகப் பதியலாம். பட்டிமன்றம், கல்லூரி விழா, நாடகம் எல்லாவற்றுக்கும் இதுதான் ரெக்கார்டரின் சரியான இடம் என்பது என் முடிவு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கேமராவின் தானாக அணையும் வசதியையும், எச்டிஎம்ஐயில் எழுத்து, எண் காட்டும் வசதியையும் நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். இல்லையென்றால் மூன்று மணி நேர அரங்கேற்றத்தின் மூலையில் பேட்டரி படம் நாட்டியம் ஆடிக்கொண்டிருக்கும்.

இந்த வேலைக்கு நிஞ்சா வி-யைவிட ப்ளாக்மேஜிக் கம்பெனியின் ரெக்கார்டரான வீடியோ அசிஸ்ட் 12ஜி, 7 அங்குல மாடல் எனக்குப் பிடிக்கும். நிஞ்சாவில் என்பி-எஃப் வகைப் பேட்டரி ஒன்றுதான் நிற்கும். அதில் பெரிதான எஃப்970 போட்டால், ரெக்கார்டு ஓடும்போது என் கையில் மூன்று மணி நேரத்தை ஒட்டி வருகிறது. மாற்றப்போனால் பதிவு நின்றுவிடும். வீடியோ அசிஸ்டில் இரண்டு பேட்டரி, ஒன்றை மாற்றும்போது மற்றது தாங்கும். எஸ்டி கார்டுக்கும் இரண்டு இடம். எஸ்டிஐ போர்ட்டும் இருப்பதால், மன்றத்து மிக்ஸருக்கு நீளமான பிஎன்சி வயரில் படம் கொடுக்கலாம். எச்டிஎம்ஐ வயர் பத்து மீட்டர் தாண்டினாலே மூச்சு வாங்கும். கனம் அதிகம்தான். டிரைபாடில் நிற்கிற சாமானுக்குக் கனம் ஒரு குறையா?

பெட்டி விலை ஒன்று, பெட்டி தின்னும் தீனி வேறு

நிஞ்சா வி 2018-ல் 695 டாலருக்கு இறங்கியது. அடுத்த வருடம் அதே கம்பெனியின் ஷினோபி, ரெக்கார்டர் இல்லாமல் திரை மட்டும், 399 டாலர். இன்றைய கடை விலை வேறாக இருக்கும். "முன்னூறு டாலர் சேர்த்துப் போட்டால் ரெக்கார்டரும் கிடைக்கிறதே" என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். நிஞ்சாவுக்கு எஸ்எஸ்டி வேண்டும், கம்பெனி சோதித்துச் சொன்ன பட்டியலில் உள்ளதாக வேண்டும். மலிவான எஸ்எஸ்டி முதல் பத்து நிமிடம் வேகமாக எழுதும். உள்ளே உள்ள வேகமான பகுதி நிரம்பியதும் தளரும், அப்புறம் ஃபிரேம் விழும். நிஞ்சா எழுதுகிற ஃபைல் வகை புரோரெஸ்; எச்க்யூ, 422, எல்டி என்று அதில் தர நிலைகள் உண்டு. 25 ஃபிரேமில் 4கே புரோரெஸ் எச்க்யூ என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 330 ஜிபி. சாதாரண புரோரெஸ் 422 என்றால் 220, எல்டி என்றால் 155. ஏ7 த்ரீ கார்டில் எழுதுகிற 100 எம்பிபிஎஸ் ஃபைலுக்கு ஒரு மணி நேரம் 45 ஜிபி.

ஒரு கல்யாணத்துக்கு, முதல் நாள் ரிசப்ஷனும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து, ஒரு கேமராவில் ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். கார்டு ஃபைல் 225 ஜிபி, புரோரெஸ் 422 என்றால் 1.1 டிபி. வருடத்தில் இருபது கல்யாணம் என்றால் முன்னது 4.5 டிபி, பின்னது 22 டிபி. நம்மிடம் ஃபைல் கேட்டு எப்போது வருவார்கள்? முதல் குழந்தையின் பிறந்தநாளுக்கு, கல்யாண வீடியோ பென்டிரைவ் தொலைந்துவிட்டது என்று வருவார்கள். அதனால் இரண்டு பிரதி. 9 டிபிக்கும் 44 டிபிக்கும் நடுவே எத்தனை ஹார்டு டிஸ்க் என்று டவுன் ஹால் ரோட்டில் நின்று விலை கேட்டுப் பாருங்கள்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புரோரெஸ் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக எழுதுவதால் பழைய கம்ப்யூட்டரும் அதை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். ஆர்6 தருகிற, இறுக்கமாகச் சுருக்கிய எச்.265 10 பிட் 4:2:2 ஃபைலை வைத்துக்கொண்டு திணறுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த வகை ஃபைலைச் சிரமமில்லாமல் பிரிக்க இன்டெல் 11-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ உள்ள உள் கிராஃபிக்ஸ், ஆப்பிள் எம்1 போன்ற சிப் என்று ஏதாவது ஒன்று வேண்டும். என்விடியா இதை 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தது. கம்ப்யூட்டர் மாற்றக் காசில்லை, டைம்லைன் தவழ்கிறது என்றால் ரெக்கார்டர் ஒரு வழி. ஆனால் புரோரெஸ் எல்டியாக மாற்றி எடிட் செய்வதும், பிராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் லேசான நகல், போடுவதும் செலவில்லாத வழி. ராத்திரி மாற்றப் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

ரா எடுக்கிறவர்களுக்கு ஒரு வரி: நிஞ்சாவின் புரோரெஸ் ராவைப் பல வருடம் எடிட்டிங் சாஃப்ட்வேரான டாவின்சி ரிசால்வ் திறக்கவே இல்லை. வீடியோ அசிஸ்டின் ப்ளாக்மேஜிக் ரா அங்கே வீட்டுப் பிள்ளை. எடிட் எதில் என்பதைப் பார்த்துவிட்டு பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் உங்கள் பாடி ராவை வெளியே விடுமா என்று உறுதி செய்த பிறகு. ஏ7 த்ரீ விடாது.

வைகைக் கரையில் கண்ணாடி பார்த்த கதை

இப்போது திரைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் படத்தை மாற்றியது ரெக்கார்டர் இல்லை, வெளிச்சமான திரைதான்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்க ஏவி பாலத்துப் பக்கம் ராத்திரியே போய் இடம் பிடித்திருந்தேன். கையில் 5.5 அங்குல மலிவு மானிட்டர், 500 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு). இருட்டில் அருமையாகத் தெரிந்தது. தீவட்டி வெளிச்சம், அலையலையாகத் தலைகள், எல்லாம் சுத்தம். பொழுது விடிந்து வெயில் ஏறியதும் திரையில் என் முகம்தான் தெரிந்தது. மீசை ஒதுக்கலாம், அவ்வளவு தெளிவு. தங்கக் குதிரை வாகனம் கண் முன்னால் நிற்கிறது, எக்ஸ்போஷர் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. உத்தேசமாக வைத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் குதிரையின் முகமும் கழுத்தும் வெள்ளைச் சுண்ணாம்பாக வெந்திருந்தன. எத்தனை பிட்டில் எடுத்தாலும் வெந்தது வெந்ததுதான்.

அதற்குப் பிறகு திரை வாங்கும்போது நான் முதலில் கேட்பது நிட். 500 நிட் மண்டபத்துக்குள் போதும். 1000 நிட், அதாவது ஷினோபியும் நிஞ்சா வி-யும் நிற்கிற இடம், மேல் மறைப்பு ஒன்று மாட்டினால் வெளியே சமாளிக்கும். சமணர் மலை, யானைமலைப் பக்கம் அவுட்டோர் போகிறவர்களுக்கு 2000-க்கு மேல்தான் நிம்மதி. ஃபீல்வேர்ல்டு லட்7 என்ற 7 அங்குலத் திரை 2200 நிட். வீடியோ அசிஸ்ட் 12ஜி 2500. வெளிச்சம் கூடக் கூட பேட்டரி சீக்கிரம் கரையும், அதைத் தவிர்க்க முடியாது. கலர் துல்லியத்தில் மலிவுத் திரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அதனால் கலரை அதில் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள்.

அளவு என்றால் ஜீப்ரா (வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் கோடு காட்டுவது), வேவ்ஃபார்ம் (வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டுவது), ஃபால்ஸ் கலர். இதில் ஃபால்ஸ் கலரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம்மூரில் பலர் அதைத் தப்பாகப் பழகுகிறார்கள். ஒவ்வொரு வெளிச்ச அளவுக்கும் ஒரு நிறம் பூசிக் காட்டுவது அது. நடுச் சாம்பல் அளவு, நூற்றுக்கு நாற்பது சொச்சம், பச்சையாகத் தெரியும். ஐம்பத்தைந்தை ஒட்டி இளஞ்சிவப்பு. "முகம் இளஞ்சிவப்பில் வந்தால் சரி" என்று பாடம் சொல்கிறார்கள். அது வெள்ளைக்காரத் தோலுக்குச் சொன்ன பாடம். நம் மாப்பிள்ளையின் மாநிறத்தை இளஞ்சிவப்பு வரை ஏற்றினால் பவுடர் அப்பின மாதிரி ஆகிவிடும், பக்கத்தில் பட்டு வேட்டி வெந்துபோகும். மாநிறமும் கறுப்பும் பச்சையை ஒட்டி நிற்பதுதான் அழகு. மேக்கப் போட்ட மணப்பெண் கொஞ்சம் மேலே போகலாம். நான் முகத்தைப் பச்சைக்கு வைத்து, வேட்டியின் மடிப்பு ஜீப்ரா 95-ல் மின்னாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். லாகில் எடுக்கிறவர்கள் தங்கள் மானிட்டர் லட் (லாக் படத்தைச் சாதாரண நிறத்துக்கு மாற்றிக் காட்டும் கணக்கு) போட்ட படத்தை அளக்கிறதா, போடாததை அளக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் எண்கள் வேறு.

அழகர் சமாச்சாரத்தில் இன்னொன்று. தோல் பையில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வருகிற பக்தர்கள் கேமராவைப் பார்த்து ஒதுங்க மாட்டார்கள், ஒதுங்கவும் கூடாது. ஷினோபி மாதிரி ஃபேன் இல்லாத திரையைப் பாலித்தீன் கவரில் சுற்றிக்கொண்டு நிற்கலாம். நிஞ்சாவுக்குள் ஃபேன் ஓடுகிறது, காற்றுப் போக வழி வேண்டும். சுற்றினால் சித்திரை வெயிலில் சூடு, சுற்றாவிட்டால் தண்ணீர். அமைதியான அறையில் பேட்டி எடுக்கும்போது மைக் பக்கத்தில் அந்த ஃபேன் சத்தம் வேறு. பிரகாசமான சில மானிட்டர்களிலும் ஃபேன் உண்டு, வாங்கும் முன் காதை வைத்துப் பாருங்கள்.

போர்ட், வயர், எல்ஈடி வால்

ரெக்கார்டரோ மானிட்டரோ, இரண்டுக்கும் பொதுவான எமன் எச்டிஎம்ஐ போர்ட். ஏ7எஸ் த்ரீ, ஏ7 ஃபோரில் பெரிய போர்ட். ஏ7 த்ரீ, ஆர்6-ல் மைக்ரோ. மைக்ரோ போர்ட் விரல் நகத்தில் பாதி இருக்கும். மண்டபத்தில் ஓடி விளையாடிய குழந்தை ஒன்று வயரைத் தட்டிவிட்டுப் போனது, என் பழைய பாடி ஒன்றின் போர்ட் ஆட ஆரம்பித்தது. போர்ட்டை மட்டும் மாற்ற முடியாது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து கேமராவைச் சுற்றி மாட்டும் கூடான கேஜும் வயரைப் பிடிக்கிற கிளாம்ப்பும் இல்லாமல் மைக்ரோவில் எதையும் செருகுவதில்லை.

எல்ஈடி வாலுக்கு, அதாவது மேடையில் வைக்கும் பெரிய திரைக்கு, படம் கொடுக்கிறவர்கள் லூப்-அவுட் (உள்ளே வந்த படத்தை அப்படியே வெளியே அனுப்பும் போர்ட்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிஞ்சாவில் உண்டு. 5 அங்குல ஷினோபியில் உள்ளே வரும் போர்ட் மட்டும்தான். வாங்கிய பிறகு தலையில் கை வைத்தவர்கள் உண்டு. லூப் வழியாகக் கொடுத்தால் மானிட்டர் பேட்டரி தீர்ந்ததும் மேடைத் திரை இருண்டுவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். இன்னொன்று, ஜெனரேட்டரில் ஓடுகிற எல்ஈடி யூனிட்டிலிருந்து நேராக எச்டிஎம்ஐ வயரைக் கேமராவில் செருகாதீர்கள். இரண்டு பக்க எர்த்தும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் சாவது உங்கள் போர்ட்தான். ஒரு மண்டபத்தில் எனக்கு அப்படி ஒன்று போயிருக்கிறது. இப்போது வயர்லெஸ்ஸில்தான் கொடுக்கிறேன். நடுவில் வயரே இல்லை, பயமும் இல்லை.

ஆட்டத்தை அடக்கும் மோட்டார் பிடியான ஜிம்பலில் நிஞ்சாவையும் எஃப்970 பேட்டரியையும் எஸ்எஸ்டியையும் கேமரா தலையில் ஏற்றினால் முக்கால் கிலோவைத் தொடும்; மோட்டார் முனகும். ஜிம்பலுக்குச் சின்னத் திரை, அதுவும் கைப்பிடியில். போனை மானிட்டராக்கும் கருவிகளும் இருக்கின்றன. அவசரத்துக்குச் சரி. முகூர்த்தத்தின் நடுவே போன் கால் வரும்.

வாடகைக்கு எடுத்தால்?

எப்போதாவது தேவைப்படுகிற சாமானை வாடகைக்கு எடுப்பதுதான் புத்தி. ஆனால் முகூர்த்த நாளில் ஊர் முழுக்க ஒரே நாளில் கல்யாணம். திருப்பரங்குன்றத்தில் மட்டும் ஒரு காலையில் எத்தனை ஜோடி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு வாடகைக் கடையில் டிரைபாடு கூட மிச்சம் இருக்காது. கல்யாணத்துக்கு அவசியமான சாமான் சொந்தமாக இருக்க வேண்டும். அரங்கேற்றமும் கல்லூரி விழாவும் பெரும்பாலும் சனி ஞாயிறு பார்த்து வைக்கிறார்கள்; முகூர்த்தத்தோடு மோதாத தேதியாக இருந்தால் ரெக்கார்டர் சுலபமாகக் கிடைக்கும். ஆக மானிட்டரைச் சொந்தமாக வாங்கு, ரெக்கார்டரை வாடகைக்கு எடு என்று தம்பியிடம் சொன்னேன். அவனிடம் இருப்பது 8 பிட் பாடி. வருகிற வேலையில் பத்துக்கு ஒன்பது கல்யாணம். இசட்6 வைத்திருந்தால் நானே பழைய நிஞ்சாவை வாங்கச் சொல்லியிருப்பேன். மிஞ்சுகிற காசை அடுத்த பாடிக்குச் சேர்க்கச் சொன்னேன். 10 பிட் வேண்டுமென்றால் அதைக் கார்டிலேயே எழுதுகிற பாடிதான் நேர் வழி.

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது என்று போனிலேயே தெரிந்தது. நிஞ்சா என்ற பேரில் ஒரு கெத்து இருக்கிறதில்லையா. ஆனாலும் 2200 நிட் திரை ஒன்றையும், இரண்டு பேட்டரியையும், ஒரு கிளாம்ப்பையும் வாங்கினான். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலை பத்து மணிக்குப் போன். பின்னால் நாதஸ்வரம் கேட்கிறது.

"அண்ணே, ஃபால்ஸ் கலர்ல மாப்பிள்ள பச்சையா வர்றாரு. சரிதானண்ணே?"

"சரிதான்ப்பா. அப்படியே வச்சு எடு."

"எடுக்குறேன்ண்ணே. பொண்ணோட தாய்மாமன் பின்னாடி நின்னு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருக்காரு. மாப்பிள்ளைக்கு என்ன செஞ்சீங்கன்னு கேக்குறாருண்ணே!"